கண்ணாடிக் குழாயை ஆட்டாதீர்கள்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் மீரா இந்தியாவுக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை. அவள் மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். 'உடலில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம்' என்ற கட்டத்தில், 'வலது கணுக்காலில் பாம்புக்கடி' என்று எழுதியிருந்தாள்.

"அத எழுதாத. கழுத்துல மச்சம் இருக்குல்ல, அத எழுது" என்றேன்.

"மச்சம் எல்லாருக்கும் இருக்கு அப்பா. இது எனக்கு மட்டும்தான்."

கடுகு கருகிவிட்டது. அந்தக் கடி விழுந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கடிபட்டவள் அதை அடையாளமாக எழுதும் அளவுக்குத் தேறிவிட்டாள். கடிபடாத நான்தான் இன்னும் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறேன், அதுவும் பாம்பே இல்லாத மூன்றாம் மாடி வீட்டில்.

மீராவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இந்த நாட்டுச் சட்டப்படி எங்கே போகவும் அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டாள். மதுரைப் பக்கத்துப் பேரையூருக்குத் தனியாகப் போக வேண்டுமாம். அவளுடைய தாய்மாமன் அங்கே ஐயனாருக்கு ஒரு மண்குதிரை நேர்ந்திருக்கிறான். அதைக் கோயிலில் கொண்டுபோய் விடும் நாளில் அவளும் கூட நடக்க வேண்டுமாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. பயம்தான் இருந்தது.

2

என் வேலையைச் சொல்லாமல் இந்தப் பயம் விளங்காது.

பாம்பு கடித்தால் போடும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. பாம்பு விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அதை எதிர்க்க ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். பிறகு குதிரையின் ரத்தத்தை எடுத்து அந்த ஆன்டிபாடியைப் பிரித்துக் குப்பியில் அடைப்பார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக இதுதான் வழி.

நான் வேலை பார்க்கும் ஆய்வகம் குதிரை வேண்டாம் என்கிறது. குதிரைக்குப் பதிலாகத் தொட்டியில் வளர்க்கும் உயிரணுக்களும் வேண்டாம் என்கிறது. பாக்டீரியாக்களை உடைத்து, உள்ளே புரதம் செய்கிற சாற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு ஆன்டிபாடிக்கான டிஎன்ஏவையும் கொஞ்சம் சத்துப் பொருள்களையும் அதில் சேர்த்து வைத்தால், உயிர் என்று எதுவுமே இல்லாத அந்தச் சாறு சில மணி நேரத்தில் ஆன்டிபாடியைச் செய்து தந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். குழிக்கு ஒரு ரகம். அத்தனையிலும் பாம்பு விஷத்தைக் காட்டி, எது இறுகப் பிடிக்கிறது என்று பார்ப்போம். பிடிக்காததைக் கழித்துவிடுவோம். நூறு ஜாதகம் பார்த்து ஒன்று பொருந்துகிற கதைதான். எங்களுக்குத் தரகர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, பேரையூருக்குப் பக்கத்தில் இருக்கும் பாண்டியின் தோட்டத்து வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். பாண்டி மதுரையில் என்னோடு கல்லூரியில் படித்தவன். பிறகு அவன் தங்கை செல்வியை நான் கல்யாணம் செய்துகொண்டதால் 'டேய்' என்பதோடு 'மாப்ள'யும் சேர்ந்துகொண்டது. டி. கல்லுப்பட்டியில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான்.

"அப்ப வண்டிய ஒடைச்சு இஞ்சின மட்டும் வெளிய எடுத்து, பெஞ்சுல வச்சு ஓட்டுறேங்கிற" என்றான்.

"அதேதான்."

"வண்டி எங்கயும் போய்ச் சேராதேடா மாப்ள."

"சேர வேணாம்டா. இஞ்சின் ஓடுனா போதும்."

"இதுக்கா ஜெர்மனி வரைக்கும் போன? என் கடைல தெனமும் பெஞ்சுல இஞ்சின் ஓடுது. ஒருத்தனும் எனக்கு ஃபாரின் வேலை குடுக்கலையே."

அவன் மனைவி ராணி என் மகளின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீரா இரண்டு வருடமாக விலங்கிலிருந்து வரும் எதையும் தொடுவதில்லை. கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது.

"மோர்கூட வேணாங்குது. இந்தப் புள்ள எப்பிடிண்ணே இம்புட்டு ஒசரம் வளந்துச்சு?" என்று ராணி என்னிடம் கேட்டாள்.

மீரா இலையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அத்தை, எங்க அப்பா குதிரைங்கள எல்லாம் ஃப்ரீ பண்ணப் போறார். இனிமே அதுங்களுக்கு ஊசி கிடையாது."

அவளுக்கும் எனக்கும் பேச்சு குறைந்துபோயிருந்த காலம் அது. என் உடை, என் ஜெர்மன் உச்சரிப்பு, வீட்டுக்கு வரும் அவளுடைய நண்பர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் எல்லாமே அவளுக்கு வெட்கம். என்னைப் பற்றி அவள் வெளியில் பெருமையாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இந்தக் குதிரை விவகாரம்தான். எனவே நான் அவளைத் திருத்தவில்லை. "ஆமாத்தா, இன்னும் கொஞ்ச வருசந்தான். குதிரைக்கெல்லாம் ரிட்டயர்மென்ட்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டேன்.

3

அன்று பொழுது சாயும் நேரம். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது என்று ராணி சொல்லியிருந்தாள். மீரா ரப்பர் செருப்போடு பார்க்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் நிதானமாக நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, ஒரு பாம்பு என்னைக் கடிச்சுருச்சு. தப்பு என்னோடதுதான், நான்தான் அது மேல கால வச்சேன். ஸாரி சொன்னேன்."

பாண்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தவன் முகத்தில் கேலி எதுவும் இல்லை. "கண்ணாடி விரியன்டா" என்றான்.

அந்தப் பாம்பின் விஷம் வெள்ளைப் பொடியாக எங்கள் ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் பல வருடமாக இருக்கிறது. அதில் என்னென்ன நச்சு இருக்கிறது, ஒவ்வொன்றும் ரத்தத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பாம்பை மட்டும் நான் நேரில் பார்த்ததே இல்லை. இவ்வளவு படித்தவன் அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குள் ஓடிப்போய் அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். வெளிநாட்டில் இருபது வருடம் குப்பை கொட்டியதில், எந்த ஆபத்துக்கும் முதலில் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டும் என்று உடம்பு கற்றுக்கொண்டிருந்தது.

"பாம்பு விசா கேக்குதாடா?" என்று பாண்டி கத்தினான். "புள்ளையத் தூக்கு!"

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டுப்போடக் கயிற்றோடு ஓடி வந்தார். "கட்டக் கூடாதுண்ணே, கால ஆட்டாம வச்சா போதும்" என்று பாண்டி அவரை நிறுத்திவிட்டான். இது நான் சொல்லியிருக்க வேண்டியது. நான் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன்.

காரில் மீராவின் தலை என் தோளில் இருந்தது. செல்வி வேலையை விட்டு வர முடியாமல் லைப்சிக்கிலேயே இருந்தாள். தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவள் தெளிவாகச் சொன்னாள்: "டாக்டர் சொல்றத மட்டும் கேளுங்க. நீங்க எதுலயும் கைய வைக்காதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் கைகளை அறிந்தவள்.

4

அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓர் இளம் பெண் மருத்துவர். அவரோடு நரை விழுந்த ஒரு நர்ஸம்மா. மருத்துவர் காலைப் பார்த்தார். வீக்கம் கொஞ்சம்தான் இருந்தது. பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காது. விஷம் இறங்காதவருக்கு வீணாகக் குதிரை மருந்தைப் போட்டால் அதுவே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். எனவே முதலில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனை ரொம்பவும் எளியது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் பயமில்லை. தண்ணீராக ஓடினால் விஷம் ஏறிவிட்டது. இதை நான் கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். 'அசைக்கக் கூடாது' என்பதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன்.

நர்ஸம்மா ரத்தம் எடுத்துக் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் மகளைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், மறுபடி மகளைப் பார்த்தேன். அப்புறம் நடந்ததை என் கை செய்தது. ஆய்வகத்தில் இத்தனை வருடமாகக் குழாய் என்று எதைக் கண்டாலும் எடுத்து, நகத்தால் இரண்டு சுண்டுச் சுண்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல ஆட்டுவதுதான் அதற்குப் பழக்கம். கலங்கினால்தானே வேலை நடக்கும்.

"சார்!"

நர்ஸம்மா போட்ட சத்தத்தில் வார்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"அத ஏன் சார் எடுத்து ஆட்டுறீங்க? குலுக்கிக் குடிக்க அது என்ன டானிக்கா?"

"இல்ல சிஸ்டர், நான் வந்து... ஆன்டிபாடியில ஆராய்ச்சி..."

"என்ன ஆராய்ச்சியா வேணாலும் இருக்கட்டும். போயி அந்த பெஞ்சுல உக்காருங்க. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வைங்க."

"சொன்னதச் செய்டா மாப்ள" என்றான் பாண்டி.

உட்கார்ந்தேன். கட்டியாக நின்றால் மறுபடி குத்த வேண்டியதில்லை என்று அந்தக் குழாயையே வைத்திருந்தார்கள். நேரம் ஆனதும் மருத்துவர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையவில்லை. அவர் பெருமூச்சு விட்டார்.

"நீங்க ஆட்டினதால உறையலையா, விஷத்தால உறையலையான்னு இத வச்சு என்னால சொல்ல முடியாது சார். திரும்ப எடுக்கணும்."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. விஷம் ஏறியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்த நிமிடங்களை நான் இரண்டு விரலால் சுண்டித் தள்ளிவிட்டேன்.

கட்டிலில் படுத்திருந்த மீரா மருத்துவரின் கையைத் தொட்டாள். அவளுடைய தமிழில் 'நீங்க' என்பது அப்பா, அம்மாவுக்கு மட்டும்தான், மற்ற எல்லோரும் 'நீ'. "நீ கோபப்படாத டாக்டர். எங்க அப்பா வீட்லயும் இப்படித்தான். நான் கேக் செஞ்சா ஓவனைத் திறந்து திறந்து பார்ப்பார். கேக் உக்காந்துரும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது குழாய் ஸ்டாண்டில் ஏறியது. நர்ஸம்மா அதற்கும் எனக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் கைகள் தொடைக்கு அடியில் மரத்துப்போயின. ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

5

பாண்டி வெளியே போய்விட்டு நெற்றியில் திருநீற்றோடு வந்தான்.

"நம்ம ஐயனாருக்கு ஒரு குதிரை சொல்லிட்டேன் மாப்ள. புள்ள எந்திரிச்சு நடந்துட்டா, அடுத்த புரவியெடுப்புக்கு நம்ம வீட்டுக் குதிரை போகுது."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பிழைத்த உயிருக்கு ஒரு மண்குதிரை. வேளார் என்னும் குயவர் வீட்டில் செய்து, ஊர்கூடித் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஐயனார் முன்னால் நிறுத்துவார்கள்.

"மருந்தே குதிரைலேருந்துதான்டா வருது" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

பாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எந்தக் குதிரை?"

"நிஜக் குதிரை. அதோட ரத்தத்துலேருந்து எடுக்கிறது."

"ஆத்தாடி! நான் இப்பத்தான் வாயத் தொறந்து கேட்டேன், அவரு அதுக்குள்ள அனுப்பிச்சுட்டாரு பாத்தியா!"

நான் விளக்கப் பார்த்தேன். பாண்டி விடவில்லை. "மத்தியானம் குதிரைக்கு ரிட்டயர்மென்ட்டுன்னு பேசுனேல்ல? அவரு காதுல விழுந்திருக்கும். வாய மூடிக்கிட்டு இரு" என்றான்.

இரண்டாவது குழாயை மருத்துவர் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. இந்த முறை யார் மீதும் பழிபோட முடியாது. விஷம் ஏறியிருந்தது.

விஷமுறிவுக் குப்பிகள் வந்தன. உள்ளே பொடி. மருந்து நீரை விட்டு, நுரைக்காமல் உள்ளங்கையில் மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் அந்த மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டார். நர்ஸம்மா என் கையைப் பார்த்தார். நான் அதைத் திரும்பவும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மீரா குப்பியைப் பார்த்தாள். "அப்பா, இது குதிரையா?"

"ஆமாம்மா."

"உங்களோடது இல்லையா?"

"என்னோடது இன்னும் தட்டுலதான் இருக்கு. மருந்தாகல. ரொம்ப வருசம் ஆகும்." நான் முதல்முறையாக அவளிடம் அதைச் சொன்னேன்.

அவள் குப்பியை விரலால் தொட்டாள். "அந்தக் குதிரைகிட்ட யாரும் கேக்கலல்ல?"

"கேக்கலம்மா."

"சரி. போடச் சொல்லுங்க."

மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பியது. அதற்கும் அவர்கள் தயாராக இருந்தார்கள். ஊசி போட்டு அடக்கி, மருந்தை மெதுவாக மறுபடி ஓடவிட்டார்கள். தடிப்பு தணிந்தது. விடிந்த பிறகு புதிதாக எடுத்த ரத்தத்தை நர்ஸம்மா குழாயில் வைத்துக் காத்திருந்து, சாய்த்தார். ஓடவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் சிவப்புக் கட்டியாக அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் என்னிடம் வந்து குழாயை நீட்டினார்.

"இந்தாங்க சார். இப்ப எம்புட்டு வேணுமோ ஆட்டுங்க."

வாங்கிக்கொண்டேன். ஆட்டத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. பாண்டி என் முதுகில் தட்டி, "பாஸ்போர்ட்ட உள்ள வைடா" என்றான். அது அப்போதும் என் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

6

லைப்சிக் திரும்பியதும் பயணக் காப்பீட்டுக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். 'விலங்கினால் ஏற்பட்ட காயம்' என்ற பகுதியில், விலங்கின் உரிமையாளர் பெயர், முகவரி, அந்த விலங்குக்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். 'உரிமையாளர் இல்லை, அது ஒரு காட்டுப் பாம்பு' என்று எழுதினேன். உரிமையாளர் இல்லை என்பதற்கு உள்ளூர் அலுவலகச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. பாண்டியிடம் சொன்னேன். "வி.ஏ.ஓ.கிட்ட போயி, இந்தப் பாம்பு யாரோடதும் இல்லன்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கவா? என்னையப் புடிச்சு உள்ள வச்சுருவாய்ங்கடா" என்றான். காப்பீட்டை அதோடு விட்டுவிட்டோம்.

கீழ்வீட்டுத் தோட்டத்தில் புல்லில் கிடந்த தண்ணீர்க் குழாயைக் கண்டு நான் ஒருநாள் துள்ளிக் குதித்ததை, அந்த வீட்டு அம்மா இன்றும் தன் விருந்தாளிகளுக்கு நடித்துக் காட்டுகிறார்.

ஆய்வகத்தில் எங்கள் ரகங்களில் நாலைந்து விரியன் விஷத்தின் ஒரு நச்சை நன்றாகவே பிடிக்கின்றன. இன்னும் எலியில் போட்டுப் பார்க்கும் கட்டத்துக்குக்கூடப் போகவில்லை. முன்பெல்லாம் என் உரையின் முதல் படத்தில் ஒரு குதிரையைப் போட்டு, அதன் மேல் குறுக்குக்கோடு இழுத்திருப்பேன். இப்போது குதிரை இருக்கிறது, கோட்டை எடுத்துவிட்டேன்.

வீட்டில் ஒரு புதுப் பேச்சு வழக்கு வந்துவிட்டது. பரீட்சை முடிவு வந்ததா, யாரிடம் இவ்வளவு நேரம் பேசுகிறாய், பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாயா என்று நான் ஆரம்பித்தால், மீரா நிமிராமலே சொல்வாள்: "அப்பா, டியூப ஆட்டாதீங்க." செல்வியும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இட்லி வெந்துவிட்டதா என்று மூடியைத் தூக்கினால்கூட அதே வசனம்.

பேரையூருக்குப் போக வேண்டும் என்று மீரா கேட்டு ஒரு வாரம் நான் பதில் சொல்லவில்லை. மழைக்காலம் என்றேன், இல்லை என்று எடுத்துக் காட்டினாள். தனியாகப் போகிறாயே என்றேன், விமான நிலையத்துக்கே மாமா வருகிறார் என்றாள்.

"பாம்பு இருக்கும்மா" என்றேன் கடைசியில்.

"இருக்கும். அது வீடு அங்கதானே அப்பா."

செல்வி குறுக்கே வந்தாள். "போகட்டும்ங்க. இப்ப போகலைன்னா அப்புறம் எப்பவுமே போக மாட்டா. அவளுக்கு அந்த ஊருன்னா அந்தக் கடி மட்டும்தான்னு ஆயிரும்."

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். ஜெர்மன் விவசாயிகள் மாட்டுத் தொழுவத்தில் போடும் சாதி, பல் படவே முடியாது. "மாமா வீட்டு வாசல்ல கால் வச்சதுலேருந்து இதப் போட்டுக்கணும். கழட்டக் கூடாது" என்ற நிபந்தனையோடு சரி என்றேன். அவள் மறுபேச்சு பேசாமல் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

7

நேற்று புரவியெடுப்பு. ஆய்வகத்தில் சோதனை வாரம் என்பதால் நான் போக முடியவில்லை. காலை இடைவேளையில் பாண்டி வீடியோவில் அழைத்தான். மேளச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூங்கில்களில் கட்டிய குதிரைகள் வரிசையாகத் தோள்களில் ஆடி ஆடிப் போயின. எங்கள் குதிரை வெள்ளையும் சிவப்புமாக, கழுத்தில் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்த மல்லிகை மாலையோடு போனது. அதன் பக்கத்தில் பாவாடை தாவணியில் மீரா. தாவணி ராணியுடையது, இடுப்பில் நாலு ஊக்கு. காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

"பாண்டி! பூட்ஸ் எங்கடா?"

"எந்த பூட்ஸு?"

"மீராவோட பூட்ஸ்! கால்ல ஒண்ணுமில்ல!"

"ஐயனார் கோயிலுக்கு எவன்டா பூட்ஸ் போட்டுட்டு வருவான்? ஊரே வெறுங்காலோட நடக்குது. குதிரைக்குக் கூடச் செருப்பு இல்ல."

"அது வயக்காடுடா! புல்லு இருக்கும், பொந்து இருக்கும். முன்னாடி யாராச்சும் தட்டிக்கிட்டுப் போறாங்களா? டார்ச்..."

"பகல் பன்னெண்டு மணிக்கு டார்ச்சா?" பாண்டி கைபேசியைக் கூட்டத்துக்குள் நீட்டினான். "இந்தாத்தா, ஒங்க அப்பன் ஆரம்பிச்சுட்டான்."

மீராவின் முகம் திரையை நிறைத்தது. வியர்வை, நெற்றி முழுக்கத் திருநீறு. மூச்சு வாங்கினாள். "அப்பா, பாத்தீங்களா நம்ம குதிரைய? இதுகிட்ட யாரும் ரத்தம் எடுக்க முடியாது!" என்று மேளத்துக்கு மேலே கத்தினாள்.

"பாத்தேன்மா. நல்லாருக்கு. கால் எங்க வைக்கிறன்னு..."

"அப்பா."

"கீழ பாத்து நட, அவ்வளவுதான் சொல்றேன். மாமாகிட்ட ஒரு செருப்பாச்சும்..."

"அப்பா. டியூப ஆட்டாதீங்க."

திரை அணைந்தது.

எதிர் மேசையில் இருந்த சக ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். என் முன்னால் ஸ்டாண்டில் ஒரு குழாய் காத்திருந்தது. அன்றைய சாறு, இன்னும் கலக்காதது. அதை எடுத்துச் சுண்டுவதுதான் அடுத்த வேலை. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேரையூர்ப் பக்கத்தில் எங்கோ ஒரு வரப்பில் என் மகள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.